சஃபாரிப் பை: பட்டியலும் பொருத்தமும்

கிழக்காப்பிரிக்கச் சஃபாரிக்குப் புறப்படுவோர் கையில் வந்து சேரும் பொருள்பட்டியல் தனி வகைமையாகவே நிலைபெற்றுவிட்டது. பயண முகவர் தந்தாலும் போய்வந்த நண்பர் எழுதித் தந்தாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: காக்கி உடை, அகல விளிம்புத் தொப்பி, பல பைகள் வைத்த மேற்சட்டை, பைனாகுலர், டெலி லென்ஸ், கொசுவிரட்டி, மலேரியா மாத்திரை, சார்ஜர், டார்ச். தனித்தனியே எடுத்தால் எதையும் மறுக்க இடமில்லை. சேர்த்து வைத்துப் பார்க்கும்போது குறை தெரிகிறது. பொருள்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றோடொன்று பொருத்தப்படவில்லை.

மதிப்பிட அளவுகோல் வேண்டும். அது வெளியிலிருந்தே கிடைக்கிறது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாசாய் மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் ஒருவருக்கு வழக்கமான வரம்பு 15 கிலோ, கைப்பையும் கேமராவும் உட்பட. பை மடங்கிக் கொடுக்க வேண்டும். செஸ்னா கேரவன் விமானத்தின் சரக்கறையில் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிக்கு இடமில்லை. 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் இதே நிலப்பரப்புக்கு வந்தபோது சுமார் 250 சுமைதூக்கிகள் உடன் நடந்தார்கள். பன்றித்தோல் அட்டை போட்டு அவர் கொண்டுவந்த நூல்பெட்டி மட்டும் 60 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஓர் ஆள் சுமை. இன்றைய பயணியின் மொத்த உடைமை அந்த ஒரு பெட்டியில் ஏறக்குறையப் பாதிதான். வெண்பாவுக்குத் தளைபோல இந்த வரம்பு. மீறினால் வடிவமே கெடும். ஆனால் இப்பட்டியல்களில் பெரும்பாலானவை எந்தப் பொருளுக்கும் எடை குறிப்பதில்லை. முதல் குறை அது.

உடையில் தொடங்கலாம். நிறம் பற்றிய அறிவுரை சரி. அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் தவறு. பளிச்சென்ற நிறம் கண்டால் விலங்கு மிரளும் என்கிறார்கள். கால்நடையாகப் போகும் சஃபாரிக்கு அது பொருந்தும். லேண்ட் குரூசருக்குள் அமர்ந்திருப்பவரின் சட்டை நிறத்தைச் சிங்கம் பொருட்படுத்துவதில்லை. வண்டியை ஆட்களோடு சேர்த்து ஒற்றை உருவமாகவே எடுத்துக்கொள்கிறது. நிறம் உண்மையில் முக்கியமாவது ட்செட்சி ஈயால். தான்சானியாவின் தரங்கிரியிலும் செரெங்கெட்டியின் மரங்கள் அடர்ந்த பகுதிகளிலும் இந்த ஈ தொல்லை தரும். நீலமும் கறுப்பும் அதை இழுக்கும். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளே நீல, கறுப்புத் துணிகளால்தான் செய்யப்படுகின்றன. மெல்லிய துணியை ஊடுருவிக் கடிக்கும். கொசுவை விரட்டும் டீட் அதனிடம் பெரிதாகச் செல்லுபடியாவதில்லை. நீல ஜீன்ஸும் கறுப்பு டி-சட்டையும் விலக்கப்பட வேண்டியவை என்பது இதனால்தான். காரணம் தெரியாமல் நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர், மங்கலாகத்தானே இருக்கிறது என்று கருநீலத்தை எடுத்து வைப்பார். மிலிட்டரிக் கோலம் போட்ட உடையைத் தேர்ந்தவருக்கு வேறு சிக்கல்: ஜிம்பாப்வேயிலும் சாம்பியாவிலும் பொதுமக்கள் அதை அணியச் சட்டம் அனுமதிப்பதில்லை.

குளிர் விஷயத்தில் பட்டியல்களுக்கு முழு மதிப்பெண் தரலாம். கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை அங்கே இரவு நடுங்க வைக்கும். கூரை திறந்த வண்டியில் விடியற்காலைக் காற்று அதைவிட மோசம். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நம்பும் நம்மவரை, ஒரு கனத்த மேலுடைக்குப் பதில் மூன்று மெல்லிய அடுக்குகளை எடுக்கச் சொல்வது நல்ல அறிவுரை. பல பைகள் வைத்த மேற்சட்டைக்கு அந்த நியாயம் இல்லை. 1968இல் ஈவ் செயின்ட் லாரென்ட் அதை நாகரிக மேடைக்கு ஏற்றியபோதே அது வேட்டைக்காட்டை விட்டு வந்துவிட்டது. நிறுக்கும்போது பேட்டரிகளை அதன் பைகளுக்குள் போட்டு உடலில் மாட்டிக்கொள்ளலாம் என்பதே இன்று அதற்குச் சொல்லப்படும் பயன். அது தந்திரம்; தகுதிக் கணக்கில் சேராது. தூசிக்குத் திரை, கழுத்துக்கு மறைப்பு, லென்ஸுக்குப் போர்வை, குளித்தபின் துவட்ட என நான்கு வேலைக்கும் ஓர் ஈரிழைத் துண்டு போதும். கிழக்காப்பிரிக்கக் கடற்கரையில் நெய்த கிகோய் துணியும் இதே பணியைச் செய்யும். அதை அங்கேயே வாங்கலாம்.

பட்டியலின் உண்மையான சறுக்கல் கண்ணாடிக் கருவிகளில். கேமராவுக்கு அரைப் பக்கம், பைனாகுலருக்கு ஒரே சொல். சில இடங்களில் அந்தச் சொல்லோடு 10×25 என்ற எண்ணும் சேர்கிறது: சிறியது, இலேசானது என்ற பரிந்துரையோடு. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 10×25க்கு 2.5 மி.மீ.; 8×42க்கு 5.25 மி.மீ. உச்சிவெயிலில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் பூனைக் குடும்பத்து விலங்குகள் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அப்போது நம் கண்பாவை விரிந்து ஒளிக்கு ஏங்கும். அந்த நேரத்தில் 2.5 மி.மீ. கற்றை, புதருக்குள் படுத்திருக்கும் சிறுத்தையை வெறும் நிழலாகத்தான் காட்டும். பத்து மடங்குப் பெருக்கத்துக்கு வேறு குற்றமும் உண்டு: கைநடுக்கமும் வண்டியின் அதிர்வும் பத்து மடங்காகும், பார்வைப்பரப்பு சுருங்கும். 8×42இன் குற்றம் எடை. முக்கால் கிலோவை நெருங்கும். 8×32 இடைப்பட்டது, 4 மி.மீ. கற்றையும் சுமார் அரைக் கிலோ எடையும் கொண்டது. என் தேர்வு அதுவே.

இருவருக்கு ஒரு பைனாகுலர் போதும் என்ற சிக்கன யோசனையையும் தள்ளுபடி செய்ய வேண்டும். ஒருவர் கண்டுகொண்டிருக்கும்போது மற்றவர் கை நீட்டிக் காத்திருக்கும் காட்சியை எந்தச் சஃபாரி வண்டியிலும் காணலாம். கை மாறுவதற்குள் சிறுத்தை இறங்கிப் போயிருக்கும்.

கேமராவின் தகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் 150–600 மி.மீ. லென்ஸ் தனியே 2 கிலோ அளவில் நிற்கும். உடற்பகுதியும் இரண்டாம் லென்ஸும் சேர்ந்தால் வரம்பில் கால்பங்குக்கு மேல் போய்விடும். படம் எடுப்பதே நோக்கமானவருக்கு அது நியாயம், மற்றவருக்கு ஆடம்பரம். முக்காலி வண்டிக்குள் பயன்படாது. காலியான துணிப்பையைக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ நிரப்பிக் கூரை விளிம்பில் வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளும் பழைய முறைதான் சிறந்தது.

பொருத்தமின்மை கூர்மையாக வெளிப்படுவது மருந்துப் பகுதியில். மலேரியாத் தடுப்புக்கு டாக்சிசைக்ளின் என்று ஓரிடத்தில். தொப்பி, வெயில் களிம்பு என்று வேறிடத்தில். அந்த மாத்திரை தோலை வெயிலுக்கு எளிதில் புண்படச் செய்யும் என்பதால் இரண்டும் ஒரே வரியில் இருந்திருக்க வேண்டும். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடியது. அதைத் தடவிய கையால் பைனாகுலரைத் தொடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் பெரும்பாலும் இல்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று பல பட்டியல்களில் ‘இருந்தால் நல்லது’ வரிசையில் நிற்கிறது. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோருக்கு அது கட்டாயம்; இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும். சென்னைவாசிகளுக்குக் கிண்டி கிங் நிலையம் இருக்கிறது.

காலத்தோடு ஒத்துப்போகாத பரிந்துரையும் உண்டு. தூசியிலிருந்து காக்க நெகிழிப் பைகளை எடுத்துச் செல்லச் சொல்லும் பட்டியல்கள் இன்னும் உலவுகின்றன. 2017 ஆகஸ்டு 28 முதல் கென்யா அவற்றைத் தடை செய்துவிட்டது. மீறினால் 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம், 4 ஆண்டுவரை சிறை. தான்சானியா 2019 ஜூனில் தடை விதித்தது. கென்யாவின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 2020 ஜூன் முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழித் தண்ணீர்ப்புட்டிக்கும் இடமில்லை. துணிப்பைகளும் ஓர் எவர்சில்வர் புட்டியும் போதும். பிளக் பற்றிய குறிப்பு எல்லாப் பட்டியலிலும் சரியாகவே இருக்கிறது: கென்யாவில் செவ்வக முனைகள் கொண்ட பிரிட்டிஷ் வகை, நம் உருண்டை முனைகள் அதில் நுழையா.

நினைவூட்டும் குறிப்பாக இந்தப் பட்டியல் தேறும்; தேர்வுக்கான வழிகாட்டியாகத் தேறாது. எதைக் கொள்வது என்று சொல்லத் தெரிந்த அதற்கு, எதன்பொருட்டு எதைத் தள்ளுவது என்று சொல்லத் தெரியவில்லை. பெரும்பாலான முகாம்களில் துணி துவைத்துத் தருவார்கள். சில இடங்களில் உள்ளாடைகளை மட்டும் நாமே அலசிக்கொள்ள வேண்டும். மூன்று செட் உடை போதும். நான்காவது செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த எடைக்கு இரண்டாவது பைனாகுலரை வையுங்கள்.