ஒரு லட்சம் மணி நேரம்

ஜாம்ஷெட்பூரின் பர்மா மைன்ஸ் பகுதியில் இருக்கிறது தேசிய உலோகவியல் ஆய்வகம். 1946 நவம்பர் 21 அன்று அதற்கு அடிக்கல் நாட்டியவர் நம் ராஜாஜி. அப்போது இடைக்கால அரசில் அமைச்சர். 1950 நவம்பர் 26 அன்று திறந்துவைத்தவர் நேரு. டாட்டாவின் உலை 1911 முதல் இரும்பு வடித்துவந்த ஊர் அது. ஆலைச் சங்கு காதில் விழும் தூரத்தில் ஆய்வகம் வைத்தால், அதன் கேள்விகளும் ஆலையிலிருந்துதான் வரும். வந்தன.

அங்கே வளர்ந்த ஆய்வு மரபுகளில் முதலாவது தாதுக்காரர்களுடையது. நம் இரும்புத் தாதுவில் அலுமினா அதிகம், நிலக்கரியில் சாம்பல் அதிகம். வெளிநாட்டுப் புத்தகத்தில் உள்ள செய்முறை அப்படியே இங்கே பலிக்காது. ஒவ்வொரு சுரங்கத்து மண்ணையும் உடைத்து, அரைத்து, நீரில் அலசி, நுரையில் மிதக்கவிட்டுப் பார்த்தாக வேண்டும். நம் வீட்டில் அரிசியில் கல் அரிப்பார்களே, ஏறக்குறைய அதே வேலைதான், டன் கணக்கில். பேர் வாங்கித் தராத வேலையும்கூட.

இரண்டாவது மரபு பஞ்சத்தில் பிறந்தது. நிக்கல் இங்கே கிடைக்கவில்லை, வாங்க அந்நியச் செலாவணியும் இல்லை. ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர் பி. ஆர். நிஜாவன் காலத்தில், நிக்கலுக்குப் பதில் குரோமியம், மாங்கனீஸ், நைட்ரஜன் சேர்த்துத் துருப்பிடிக்காத எஃகு செய்யும் ஆய்வுகள் நடந்தன. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து எவர்சில்வர் வாங்கும் நம் பாட்டிமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நைட்ரஜனும் மாங்கனீஸும் சேர்ந்த இந்த வகை எஃகிலும் காந்தம் ஒட்டாது.

மூன்றாவது மரபு காசியிலிருந்து வந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் படிப்பு 1923-லேயே தொடங்கிவிட்டது. பின்னாளில் அங்கே டி. ஆர். அனந்தராமன் ஒரு சீடர் கூட்டத்தையே உருவாக்கினார். உருகிய உலோகத்தை நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிரவைத்தால் அணுக்கள் எப்படி அடங்குகின்றன என்பது அவர்கள் ஆராய்ந்த விஷயம். அந்தச் சீடர்களில் ஒருவரான பி. ராமச்சந்திர ராவ் 1992-இல் ஜாம்ஷெட்பூருக்கு இயக்குநராக வந்தார். எந்த ஆலைக்கு உதவும் என்று கேட்டுப் பழகிய இடத்தில், ஏன் இப்படி உறைகிறது என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்தது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருப்பது நல்லதுதான்.

ஆனால் அந்த ஆய்வகத்தின் தரத்தை எதை வைத்து அளப்பது என்று கேட்டால், நான் க்ரீப் கூடத்தைத்தான் காட்டுவேன். சூட்டிலும் சுமையிலும் உலோகம் மெல்ல மெல்ல நீளுவதற்குத்தான் க்ரீப் என்று பெயர். அந்தச் சோதனைக்கு ஆசியாவின் பெரிய கூடங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. விரல் பருமனுள்ள எஃகுத் துண்டு, அதைச் சுற்றி ஒரு சின்ன உலை, நெம்புகோலின் மறுமுனையில் தொங்கும் எடைக்கற்கள். வெப்பம் ஏறவோ இறங்கவோ கூடாது. எடை ஆடக் கூடாது. அனல் மின்நிலையக் கொதிகலன் குழாய்களை ஒரு லட்சம் மணி நேரத்தை மனதில் வைத்து வடிவமைப்பது வழக்கம். கணக்குப் போட்டால் பதினோரு ஆண்டு ஐந்து மாதம். அவ்வளவு நேரம் ஓடும் சோதனையைத் தொடங்கி வைத்தவர் பதவி உயர்ந்தோ ஓய்வு பெற்றோ போயிருப்பார். துண்டு இன்னும் நீண்டுகொண்டிருக்கும்.

வயதான கொதிகலன் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதும் இந்த க்ரீப் ஆய்வாளர்களின் வேலைதான். ஆறிய கொதிகலனுக்குள் ஒருவர் தவழ்ந்து போய், குழாயில் தபால்தலை அளவு இடத்தைப் பளபளவென்று தேய்த்து, அமிலம் தடவி, அசிட்டோனில் நனைத்த மெல்லிய தாளை ஒட்டி உரித்தெடுப்பார். நுண்ணோக்கியில் அந்த அச்சைப் பார்த்தால், எஃகின் படிக மணிகளின் எல்லையில் குழிகள் வரிசை கட்டத் தொடங்கியிருக்கின்றனவா என்று தெரியும். அதை வைத்துத்தான் குழாயை மாற்றுவதா, விட்டுவைப்பதா என்று முடிவாகும்.

உலோகவியல் படிக்கும் பிள்ளைகள் ஜாம்ஷெட்பூர் போனால், மின்நுண்ணோக்கிகளைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். க்ரீப் கூடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். எதுவும் அசைவது கண்ணுக்குத் தெரியாது. அந்த எந்திரத்தில் துண்டை ஏற்றிய தேதி என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.