துயருற்ற மகளிரும் துணைநின்ற சொல்லும்

அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைத் தொல்காப்பியர் நிலைக்களனாக வகுத்தார். தமிழிலக்கியத்தில் வரும் பெண்மக்களை நோக்குமிடத்து, இந்நான்கனுள் ஒன்றேனும் தீண்டாத தலைவியைக் காண்டல் அரிது. சீதை சிறையிற் கிடந்தாள். தமயந்தி நள்ளிரவிற் காட்டிடைக் கைவிடப்பட்டாள். சந்திரமதி மகனது உடலைச் சுமந்து சுடலை புகுந்தாள். நல்லதங்காள் ஏழு மக்களுடன் பசித்து அண்ணன் வாயிலில் நின்றாள். இவருள் முதல் மூவர் பிழைத்து மீண்டனர். நான்காமவள் கிணற்றில் வீழ்ந்து மடிந்தாள். இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்பது ஆராய்தற்குரியது.

இவ்வினாவிற்கு வழக்கமாகத் தரப்படும் விடை ஒன்றுண்டு. கற்பும் பொறையும் உடையாள் எவ்விடுக்கணையும் கடப்பாள் என்பதே அது. மேடையிலும் பாடநூலுரையிலும் இவ்விடை பலகாலும் எடுத்தோதப்படுகின்றது. ஆயின் நூல்களை ஊன்றிக் கற்பார்க்கு இது நிறைவு தருவதாகாது. நல்லதங்காளிடத்துக் கற்பு இல்லை என்பார் எவருமிலர். ஆகவே, துயருற்ற பெண்ணை உயிரோடு நிறுத்துவது வேறொன்றாதல் வேண்டும். அஃது இன்னதென்பதைப் பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டிலிருந்தே அறியத் தொடங்கலாம்.

103 அடிகளையுடைய அப்பாட்டில், தலைவன் போர்மேற் சென்றுள்ளான், கார்காலம் வந்துவிட்டது, தலைவி தனித்திருக்கின்றாள். முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லைமலரும் தூவித் தொழுது விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அவ்வேளையில், குளிரால் நடுங்கும் ஆயர்மகள் ஒருத்தி, கட்டிக் கிடக்கும் கன்றை நோக்கி, அதன் தாய் விரைவில் வந்துவிடும் என்று ஆறுதல் கூறுகின்றாள். அச்சொல்லையே நன்னிமித்தமாகக் கொண்டு முதுபெண்டிர் தலைவியைத் தேற்றுகின்றனர். ஆயர்மகள் தலைவியை அறியாள். அவள் பேசியது பசித்த கன்றோடு. எனினும் ஓர் எளிய பெண் வாயில்லா உயிர்க்குக் கூறிய ஆறுதல், மாடத்திலிருக்கும் அரசமாதேவிக்கும் ஆறுதலாகின்றது. அச்சொல் கேட்ட அளவில் அவள் கண்ணீர் நின்றுவிடவில்லை என்பதையும் நப்பூதனார் மறையாது கூறுகின்றார். முல்லைக்குரிய ஒழுக்கம் ஆற்றியிருத்தல் என்பர். அவ்வாற்றியிருத்தலைத் தலைவி தனியாளாகச் செய்தாளில்லை. அகப்பாடல்களில் தலைவன் வருவான் எனத் தோழி வற்புறுத்தும் துறைகள் பல உளவாதலும் இதனாலேயே என்க.

இத்தோழியின் இடத்தைக் கம்பராமாயணத்தில் வகிப்பவள் திரிசடை. அரக்கியர் எல்லாம் உறங்கிய பொழுதில், வீடணன் மகளாகிய அவள் ஒருத்தியே சீதையோடு உரையாடுகின்றாள். சீதை துயிலாதவள், துயிலாதார்க்குக் கனவு இல்லை. ஆதலின் அவள் பொருட்டுத் தான் கண்ட கனவைத் திரிசடை எடுத்துரைக்கின்றாள். அக்கனவு முடியுமுன் தன்னைச் சீதை எழுப்பிவிட்டாள் என்று அவள் கூற, மீண்டும் உறங்கி அதன் முடிவையும் கண்டு கூறுமாறு சீதை வேண்டுகின்றாள். நம்புதற்கு ஏங்கும் நெஞ்சத்தின் இயல்பை இதனினும் நுட்பமாகக் காட்டுதல் இயலாது. தானே கனவு காணும் வலியிழந்தவளுக்காக மற்றொருத்தி கனவு காண்கின்றாள். அவளும் பகைவர் குலத்துப் பெண்.

பின்னர், போர்க்களத்தில் வீழ்ந்து கிடக்கும் இராமனைக் காட்டுதற்கு அரக்கியர் சீதையை விமானத்தில் ஏற்றிச் சென்றபொழுதும் திரிசடையே அவளுக்கு உயிர் தந்தவள். மங்கலம் இழந்த மகளிரை அவ்விமானம் தாங்காது. ஆதலின் இராமன் உயிரோடிருக்கின்றான் என்று அவள் சான்று காட்டித் தெளிவிக்கின்றாள். வெற்றாறுதல் கூறாது காரணம் காட்டி நிறுவுதல் அவளது சிறப்பு. அனுமன் செயலும் இத்தகையதே. சீதை உயிர்விடத் துணிந்து மாதவிப் பொதும்பரை அணுகிய வேளையில் இராமன் பெயரே அவளைத் தடுத்து நிறுத்துகின்றது. அதன் பின்னரே, இன்னும் ஒரு திங்கள் இருப்பேன் என்று எல்லை வகுத்துக் கூற அவளால் முடிகின்றது. எல்லையற்றுக் கிடந்த துயரம் எண்ணத்தக்க நாள்களாக மாறுகின்றது.

இவ்விடத்து மற்றொன்றும் கருதத்தக்கது. தன் சொல்லாலேயே உலகங்களைச் சுட்டெரிக்கத் தான் வல்லவள் என்றும், அது தன் கணவன் வில்லாற்றலுக்கு மாசாகும் என்று அதனை விடுத்ததாகவும் சீதை அனுமனிடம் கூறுகின்றாள். எரிக்கும் ஆற்றல் அவளிடம் என்றும் இருந்தது. இருந்தும் அவள் உயிர்விடத் துணிந்தாள். எனவே கற்பின் கனல் வேறு, வாழ்வதற்குரிய நம்பிக்கை வேறு என்பதைக் கம்பரே காட்டியவராகின்றார்.

புகழேந்தியாரின் நளவெண்பா இவ்வுண்மையை மேலும் தெளிவாக்குகின்றது. காட்டில் தனித்த தமயந்தியைப் பாம்பு பற்றுகின்றது. வேடன் ஒருவன் விடுவிக்கின்றான். பின் அவனே அவளை விரும்பித் தொடர, அவள் சினத்தால் நீறாகின்றான். கற்பின் ஆற்றல் அவளைக் காத்தது. ஆயினும் காட்டைக் கடக்கும் வழியை அது காட்டிற்றில்லை. வழி காட்டியவன் ஒரு வணிகன்; புகலிடம் தந்தவள் சேதிநாட்டு அரசி. அப்புகலிடமும், பின்னர்த் தந்தை மனையும் கிடைத்த பின்னர்த் தமயந்தி புதியதொரு பெண்ணாகக் காட்சியளிக்கின்றாள். காட்டில் அழுது புலம்பியவள், இப்பொழுது, துயிலும் மனைவியைக் காட்டில் விட்டகல்வது தகுமோ என்னும் வினாவை அந்தணன் வாயிலாக நாடெங்கும் அனுப்பி, அதற்கு விடை கூறுவான் யாவன் என அறிகின்றாள். இரண்டாம் சுயம்வரம் என்னும் செய்தியை அயோத்தி மன்னனுக்கு மட்டும் போக்குகின்றாள். குறித்த நாளில் வந்துசேரத்தக்க வேகத்தில் தேரூர வல்லவன் நளன் ஒருவனே என்பது அவள் கணக்கு. வந்தவனை அவன் சமைத்த உணவாலும் மக்களை முன்னிறுத்தியும் சோதித்தறிகின்றாள். இங்கே நம்பிக்கை செயலாக மலர்கின்றது. தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்த பின்னரே அம்மலர்ச்சி நிகழ்ந்தது என்பது மறக்கற்பாலதன்று.

காவியத்தில் துயருறும் பெண்ணின் அருகே கவிஞன் ஒரு துணையை வைக்க இயலும். நாடகம் சிலபோது அத்துணையையும் நீக்கிவிடுகின்றது. அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டம் இதற்குச் சான்று. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலும் வெளிகளிலும் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று பாடிய இரவுகள் மக்கள் நினைவில் நிலைபெற்றவை. அக்கதையில், அரவு தீண்டிய மகனைத் தேடிச் செல்லவும் சந்திரமதி அடிமைத்தொழில் முடியும்வரை காத்திருக்க வேண்டியவள். சுடலையிலோ, காற்பணமும் முழத்துண்டும் கேட்டு நிற்பவன் அவள் கணவனே. தன் தாலி அவன் கண்ணுக்குப் புலனாயிற்று என்பதைக் கொண்டே அவள் அவனை அறிகின்றாள். அறிந்த பின்னும் துயர் தீரவில்லை. செய்யாத கொலைக்குப் பழியேற்று அவன் வாளுக்கே கழுத்தை நீட்டவேண்டியவளாகின்றாள்.

இங்குத் திரிசடை இல்லை, சேதியரசி இல்லை. அவள் அருகே இருப்பது அவை ஒன்றே. கதையின் முடிவை அவையோர் அறிவர், அவள் அறியாள். விடியும்வரை எழுந்து போகாது அவளோடு விழித்திருத்தலே அவர்கள் ஆற்றும் தோழமை. முன்னாள் மேடைகளில் சந்திரமதி வேடத்தை ஆடவரே தாங்கினர். ஆடவன் குரலில் எழுந்த அவ்வொப்பாரியைக் கேட்டு, அவையிலிருந்த பெண்கள் தத்தம் இழவுகளையும் எண்ணி அழுதனர். தம் துன்பத்திற்கு ஊரறிய ஒரு சொல் கிடைத்தமையே அவர்க்கு ஓர் ஆறுதலாயிற்று எனலாம்.

இனி நல்லதங்காள். மானாமதுரையில் பன்னீராண்டு மழையில்லை. ஏழு மக்களோடு அவள் பிறந்தகம் நாடி வருகின்றாள். அண்ணன் மனையில் இல்லாத வேளையில் மூளி அலங்காரி கதவடைக்கின்றாள். பின்னர்ப் பழங் கேழ்வரகையும் உடைந்த கலத்தையும் எரியாத பச்சை விறகையும் கொடுக்கின்றாள். நல்லதங்காளின் கற்பால் பச்சை விறகும் பற்றியெரிகின்றது என்கின்றது கதை. மக்கட்கவிஞன் இவ்விடத்து உணர்த்தியது பெரிது. சீதையின் கனலும், வேடனை எரித்த தமயந்தியின் கனலும் நல்லதங்காளிடத்தும் உண்டு. அக்கனல் அடுப்பை மூட்டிற்று. அகங்களில் ஒன்றையேனும் திறக்கவில்லை. 'இரு' என்று சொல்ல ஒருவரும் இலர். ஆகவே, மாடு மேய்த்தாவது பிழைப்பேன் என்று கெஞ்சும் மூத்த மகனையும் அவள் கிணற்றிலிட்டுத் தானும் வீழ்கின்றாள்.

கதையின் சில வடிவங்களில் இறைவன் தோன்றி அவர்களை உயிர்ப்பிப்பதாக வரும். கேட்போர் நெஞ்சு தாங்காமையால் எழுந்த முடிபு அது. ஆயின் ஊரார் நெஞ்சில் நிலைத்தது அம்முடிபன்று, கிணறே நிலைத்தது. நல்லதங்காளைப் பொறையற்றவள் எனக் குறைகூறும் திறனாய்வாளர், அக்கதை யார்மேற் குற்றம் சாட்டுகின்றது என்பதைக் காணத் தவறுகின்றனர். அவள் வீழ்ந்தமைக்குக் காரணம் அவள் உள்ளத்தின் மெலிவன்று; அடைபட்ட கதவே.

பெண்ணின் பொறுமையை மட்டும் புகழ்தல் எளிது. அப்புகழ்ச்சி, புகழ்வோரிடம் எக்கடமையையும் வேண்டுவதில்லை. இலக்கியம் கூறுவதோ அதனினும் கடினமானது. கன்றுக்கு ஆறுதல் கூறிய ஆயர்மகளும், பகைக்குலத்துத் திரிசடையும், வழிப்போக்கனாகிய வணிகனும் காவியத் தலைமை பெறாதவர்கள். எனினும் அவர் தந்த சொல்லும் இடமுமே தலைவியரை வாழ்வித்தன. துயருற்றாள் ஒருத்தி பிழைப்பாளோ என்னும் வினாவிற்கு விடை அவளிடத்தே மட்டும் இல்லை. அவள் வந்து நிற்கும் வாயிலுக்கு உள்ளே இருப்பாரிடத்தும் உண்டு.