நாற்பது பேரும் ஒரு நாவலும்

சொந்தச் செலவில் நாவல் அச்சிட்டவர்களுக்குத்தான் கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது தெரியும். என் முதல் நாவலை, இலக்கியம் தெரிந்த நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு, மற்ற வாசகர்கள் தாமாக வருவார்கள் என்று காத்திருந்தேன். கரையான்தான் வந்தது.

ஆகவே, ஆண்டி வீயர் என்ற அமெரிக்கரின் 'தி மார்ஷியன்' நாவலைக் கொஞ்சம் பொறாமையோடுதான் கையில் எடுத்தேன். மனிதர் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைத்தவர். முன்பு எழுதியதை விற்றுத்தர ஏஜெண்டு ஒருவரும் அகப்படவில்லை. செவ்வாய்க் கிரகத்தில் தன்னந்தனியே சிக்கிக்கொண்ட ஒருவனின் கதையை, 2009-லிருந்து தம் இணையப் பக்கத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகவே வெளியிட்டார். படித்தவர்களில் ரசாயனம் கற்றவர்களும் இருந்தார்கள். இன்ன இடத்தில் பிழை என்று எழுதினார்கள், திருத்திக்கொண்டார். எந்த எழுத்தாளன் இதற்குச் சம்மதிப்பான்? நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

2012-ல், வாசகர்கள் கேட்டதற்காக அமெஸான் கிண்டிலில் ஏற்றினார். விலை 99 சென்ட். அதற்குக் கீழே வைக்க அங்கே வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், சும்மா கிடைத்ததை எடுத்துக்கொண்டவர்களைவிடக் காசு கொடுத்து வாங்கியவர்களே அதிகம்! மூன்று மாதத்தில் சுமார் 35,000 பிரதிகள். 2014-ல் பெரிய பதிப்பகம், 2015-ல் சினிமா, 2016-ல் ஆசிரியர்களுக்காக வசவுகளை நீக்கிய பள்ளிக்கூடப் பதிப்பு.

விற்பனைத் தந்திரம் எதுவும் தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை. உருளைக்கிழங்கு பயிரிட எவ்வளவு மண், எவ்வளவு தண்ணீர் என்று கதாநாயகன் போடுகிறானே கணக்கு, நாவலே தொடாதவனுக்கு அதுதான் வாசற்கதவு. நம் விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்கவில்லை.

செவ்வாயின் காற்று நம்முடையதில் 100-ல் ஒரு பங்கு அடர்த்திதான். ராக்கெட்டைச் சாய்க்கும் புயல் அங்கே வீச முடியாது. ஆசிரியருக்கும் அது தெரியும். கதை தொடங்க வேண்டுமே என்று தெரிந்தே வைத்தார். அந்த ஒரு பொய்யில்தான் நான் கதைக்காரனைப் பார்த்தேன்.

என் மனக்குறை வேறு. ஒன்றரை வருஷத் தனிமை அந்த மனிதனை அசைக்கவே இல்லை. கடைசிப் பக்கத்திலும் முதல் பக்கத்து ஆள்தான். கணக்கைத் திருத்தியவர்கள் இதைத் திருத்தச் சொல்லவில்லை போலிருக்கிறது. என் நாற்பது பேராக இருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆனால், என் நாவலைப் பற்றியே அவர்கள் இன்னும் ஒரு கார்டு போடவில்லை.