பீடித் தட்டும் சீருடைத் துணியும்

சமூகத் தொழில் நிறுவனம் என்ற சொல் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரிப் பக்கம் யார் வாயிலும் புழங்குவதில்லை. அங்கே புழங்குபவை மகளிர் சுய உதவிக் குழு, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கம், பாய் நெய்வோர் சங்கம் ஆகிய பெயர்கள். ஈட்டும் பணத்தை வெளியூர் முதலாளிக்கு அனுப்பாமல் உறுப்பினருக்கும் ஊருக்குமே திருப்புவது என்ற இலக்கணப்படி பார்த்தால் இவை எல்லாம் அந்த வகைதான். இவற்றுக்குக் காசு வரும் வழி இரண்டு. ஒன்று, பொருளைச் சந்தையில் விற்பது. மற்றது, அரசுக்குத் தேவைப்படும் பொருளையும் வேலையையும் அரசுக்கே கொடுப்பது. இப்போது மவுசு இரண்டாவதற்குத்தான். அரசு எப்படியும் செலவழிக்கப் போகிறது. ஒப்பந்தக்காரருக்குப் பதில் குழுக்களிடம் கொடுத்தால் அதே பணத்தில் உள்ளூரில் வேலையும் பிறக்கும் என்பது ஆதரிப்போர் வாதம். துறை அறிக்கைகளும் கருத்தரங்குகளும் இதை முடிந்த முடிவாகவே வைக்கின்றன. சான்றாக அவை காட்டுவது வேலை பெற்ற பெண்களின் தலைக்கணக்கு.

நாங்குநேரி போன்ற ஊரில் இந்த வாதம் எடுபடக் காரணம் உண்டு. தாமிரபரணியின் பழைய கால்வாய்கள் நனைக்கும் வயல்கள் வடக்கே நின்றுவிடுகின்றன. இந்த வட்டாரத்துக் குளங்கள் மழையையும் மணிமுத்தாறு கால்வாயின் கடைசிப் பிரிவுகளையும் நம்பி இருப்பவை. குளம் பெருகிய ஆண்டில் நடவு உண்டு, பெருகாத ஆண்டில் இல்லை. நான்குவழிச் சாலை ஓரம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென ஏறத்தாழ 2,500 ஏக்கர் ஒதுக்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. சொன்ன வேலைகள் வரவில்லை. ஆண்கள் சென்னை, திருப்பூர், வளைகுடா என்று கிளம்பிப் போனார்கள். ஊரில் தங்கிய பெண்களுக்கு ஆண்டு முழுக்கக் கூலி தந்தது பீடி ஒன்றுதான்.

குழுக்கள் வழியான கொள்முதலால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய குழு இயக்கம் பெண்களை வங்கி வாசலுக்குக் கொண்டு வந்தது. அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்தக்காரர்களை ஒதுக்கி, ஊர்ச் சமூகத்தையும் சுய உதவிக் குழுக்களையும் ஈடுபடுத்த வேண்டும் என்று 2004 அக்டோபர் 7-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது சரியான ஆணை. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பிள்ளைகளின் வயிற்றை நிரப்புகிறது. சமைப்பவர்களும் அதே ஊர்ப் பெண்கள். பஸ் ஏறாமல், வீட்டுவேலையை விட்டுவிடாமல், நாலு காசு பார்க்கிறார்கள். இவ்வளவும் உண்மை.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. இப்படிப் பிறப்பது தொழிலா, கூலி வேலையா? அதைச் சோதிக்க இந்த வட்டாரத்தில் கையருகே ஓர் அளவுகோல் கிடக்கிறது. அதுதான் பீடித் தட்டு.

பீடி சுற்றும் பெண்ணுக்கு இலையும் தூளும் கடையில் நிறுத்துத் தரப்படும். வீட்டுக்குக் கொண்டுவந்து இலையை நனைத்து, தகரத் துண்டை வைத்துக் கத்தரித்து, தூளிட்டுச் சுருட்டி, நூல் சுற்றித் தலையை மடக்குவாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் சரிபார்க்கும்போது கழித்துப்போட்டது போக மீதிக்குத்தான் கணக்கு. இலை எந்தக் காட்டிலிருந்து வருகிறது, பீடி எந்த ஊரில் என்ன விலைக்கு விற்கிறது என்பதில் அவளுக்குச் சொல் இல்லை. அவள் கையில் இருப்பது கத்தரிக்கோலும் நேரமும். இதை யாரும் தொழில் முனைவு என்று சொன்னதில்லை.

பள்ளிச் சீருடையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2012-13 முதல் சத்துணவு உண்ணும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணை சீருடை. நிறத்தையும் துணியையும் அரசு முடிவு செய்கிறது; துணி பெரும்பாலும் மேற்கு மாவட்ட விசைத்தறிகளில் நெய்யப்பட்டு வந்து சேர்கிறது. தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அதை வாங்கி வந்து தன் வீட்டுத் தையல் இயந்திரத்தில் தைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அதையும் நிர்ணயிப்பது அரசாணைதான். பள்ளி திறக்கும் நாளை ஒட்டி இரவு பகலாக மிதிக்க வேண்டும். மற்ற மாதங்களில் இயந்திரத்தின் மேல் துணி போர்த்திக் கிடக்கும். இலைக்குப் பதில் துணி, கடைக்குப் பதில் சங்கம். அமைப்பில் மாற்றம் ஏதும் இல்லை.

மாற்றம் உள்ள இடம் ஒன்று, அதுவும் பாதகமானது. பீடித் தொழிலாளருக்கு 1966-ல் தனிச் சட்டம் வந்தது. வீட்டில் இருந்து சுற்றினாலும் அவர் தொழிலாளர்தான் என்று அது ஏற்றுக்கொண்டது. பிறகு வருங்கால வைப்பு நிதியும் வந்தது. 1976-ல் நலநிதிச் சட்டமும் வந்தது. நெஞ்சைக் கெடுக்கும் அந்த வேலையில்கூட, போராடிப் பெற்ற ஒரு பாஸ்புத்தகம் உண்டு. அரசுக்கே தைப்பவருக்கும் சமைப்பவருக்கும் அந்த இடம் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் அரசு ஊழியரும் அல்ல, தனியார் தொழிலாளியும் அல்ல. சங்க உறுப்பினர், குழு உறுப்பினர், தன் தொழிலைத் தானே நடத்துகிறவர். தொழில் முனைவோர் என்ற பட்டம் இங்கே செய்யும் வேலை, முதலாளி என்ற பொறுப்பிலிருந்து அரசை விடுவிப்பது.

இந்த விடுவிப்புக்கு ஆட்சித் தமிழ் ஒரு சொல்லையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறது: மதிப்பூதியம். ஊதியம் என்றால் குறைந்தபட்ச ஊதிய விதி வரும், வேலை நேரம் வரும், விடுப்பு வரும். மதிப்பு என்ற முன்னொட்டைச் சேர்த்துவிட்டால் எதுவும் வராது. ஊராட்சிகளில் குழுக் கூட்டமைப்புகள் வழியாக அமர்த்தப்படும் தூய்மைக் காவலர்கள் மாநிலம் முழுக்க 66 ஆயிரத்துக்கும் மேல். ஏறத்தாழ 150 வீடுகளுக்கு ஒருவர். வண்டி தள்ளி, மக்கும் குப்பை மக்காத குப்பை என்று கையால் பிரிக்க வேண்டும். அவர்களின் மதிப்பூதியம் 2023-ல்தான் மாதம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. மாதம் 26 நாள் என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 192 ரூபாய். 2024-25-ல் தமிழ்நாட்டின் நூறு நாள் வேலைக் கூலி 319 ரூபாய். குளத்தில் மண் வெட்டினால் கிடைப்பதைவிட, ஊர்க் குப்பையை அள்ளினால் குறைவு. இதையும் உருவாக்கப்பட்ட வேலைவாய்ப்பு என்ற கணக்கில்தான் எழுதுகிறார்கள். முழு நாள் வேலை இல்லையே என்று பதில் சொல்லப்படுகிறது. அப்படியானால் எத்தனை மணி நேர வேலை என்று ஆணையில் எழுதி, மணிக்குக் கூலி கணக்கிட்டுக் கொடுக்கலாமே. எழுதாமல் விட்டிருப்பதில்தான் சிக்கனம் அடங்கியிருக்கிறது.

காலை உணவுக் கூடத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தலைக்கு 50 கிராம் வீதம் இரண்டு கிலோ ரவை. 15 கிராம் வீதம் சாம்பாருக்கு 600 கிராம் பருப்பு. விடிந்தும் விடியாததுமாக அடுப்பு மூட்டி, காய் அரிந்து, பள்ளி மணி அடிக்குமுன் பரிமாறி முடிக்க வேண்டும். சமையல் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எல்லாம் கைபேசிச் செயலியில் ஏற வேண்டும். கைபேசியும் சமைப்பவருடையதாகவே இருக்க வேண்டும் என்பது தேர்வு விதி. குழு மூன்றாண்டு நடந்திருக்க வேண்டும், அதே ஊரில் குடியிருக்க வேண்டும், அவர் பிள்ளை அதே பள்ளியில் தொடக்க வகுப்பில் படிக்க வேண்டும் என்பவை மற்ற விதிகள். கடைசி விதியின் நோக்கம் புரியக்கூடியது: தன் பிள்ளையும் உண்ணும் உணவை எந்தத் தாயும் அக்கறையாகத்தான் சமைப்பாள். ஆனால் அந்த விதியின் மறுபக்கம், பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டால் தாயின் வேலையும் முடிந்தது. நாற்பது பேருக்கு அளவு தவறாமல் சமைக்கக் கற்று, கை பழகி, கணக்கு எழுதத் தெரிந்தபின் அவர் வெளியேறுகிறார். அனுபவம் கூடக் கூட வேலை உறுதிப்படுவது உலக வழக்கம். இங்கே வேலையின் ஆயுள் பிள்ளையின் வகுப்பில் இருக்கிறது.

உள்ளூர் என்ற சொல்லையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஊர்க்காரரிடமே வேலையை ஒப்படைத்தால் ஊரின் சாதிக் கணக்கும் கூடவே சமையற்கட்டுக்குள் நுழையும். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரத்துக்கு அருகே உள்ள உசிலம்பட்டியில், 2023 செப்டம்பரில் பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்ததாகப் புகார் எழுந்தது. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் போனது நல்லது. போக வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அரசின் பணியாளர் என்ற தகுதி அந்தப் பெண்ணுக்கு இருந்திருந்தால் அவர் பின்னால் சட்டம் நின்றிருக்கும். குழு உறுப்பினர் என்றால் அவர் பின்னால் நிற்பது குழு, குழு இருப்பது அதே ஊரில்.

பணம் உள்ளூரில் சுற்றுகிறது என்ற வாதமும் பாதி தூரம்தான் போகும். காலை உணவுத் திட்டத்தின் ஆணை உள்ளூர்க் காய்கறியையும் சிறுதானியத்தையும் சொல்கிறது. நடப்பில் ரவையும் பருப்பும் எண்ணெயும் வெளியிலிருந்து வருகின்றன. மதிய உணவு முட்டை நாமக்கல்லை மையமாகக் கொண்ட பெரிய ஒப்பந்தங்களில் அடங்கிவிடுகிறது. வீட்டில் இருபது கோழி வளர்ப்பவர் அதே தெருப் பள்ளிக்கு ஒரு முட்டை விற்க வழியில்லை. காலை உணவு தொடங்கியபோது வெள்ளிக்கிழமைக்குக் கேசரி இருந்தது. சுற்றிலும் பனங்காடு, உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வேறு கிடைத்திருக்கிறது. அந்த இனிப்பு கருப்பட்டியாக இருந்திருந்தால் பனையேறிகளுக்கு நிலையான வாங்குபவர் கிடைத்திருப்பார். அரசு வாங்கும் சங்கிலியில் கடைசிக் கண்ணி மட்டும் உள்ளூரில் இருக்கிறது, மலிவான உழைப்பாக.

உண்மையிலேயே சொந்தச் சரக்கு உள்ள தொழில் தாமிரபரணிக் கரையில் இல்லாமல் இல்லை. கன்னடியன் கால்வாய் பாயும் பத்தமடையில் கோரையை வகிர்ந்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, காயவைத்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் கோக்கிறார்கள். 100 முதல் 140 எண் வரையிலான நைஸ் பாய், பட்டுத்துணி போல மடங்கும். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரும் திறமையும் சரக்கும் நெய்பவரிடமே இருக்கும் இந்தத் தொழிலை அரசுக் கொள்முதலுக்குப் பார்க்கத் தெரியவில்லை. குறைந்த விலை சொன்னவருக்கே ஒப்பந்தம் என்பது அதன் அடிப்படை விதி. அந்தத் தராசில் பிளாஸ்டிக் பாய்தான் ஜெயிக்கும். நடுவண் அரசின் 2012 கொள்முதல் ஆணை குறு, சிறு நிறுவனங்களுக்குப் பங்கு ஒதுக்கியது; 2018-ல் அதை 25 விழுக்காடாக உயர்த்தி, அதில் பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 விழுக்காடு என்று சேர்த்தது. 2016-ல் அரசுக் கொள்முதலுக்கான இணையச் சந்தையும் வந்தது. ஆனால் சுய உதவிக் குழுக்களில் பெரும்பாலானவை பதிவு பெற்ற அமைப்புகளே அல்ல. முன்பணம் கிடையாது, சரக்கைக் கொடுத்துவிட்டுப் பட்டியலுக்குக் காத்திருக்கும் தெம்பு கோரை வாங்கவே கடன்படுகிறவருக்கு ஏது? ஆண்டுக்கு ஒருமுறை மாநாட்டுக்குக் கோரைப் பை வாங்குவதோடு அரசின் அக்கறை நின்றுவிடுகிறது.

விதியை மட்டும் வைத்துவிட்டு உள்ளே பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாடு கண்டிருக்கிறது. மேலே சொன்ன 2004 ஆணைக்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் மகளிர் மன்றங்களின் பெயரில் தனியார் நிறுவனங்களே அங்கன்வாடி உணவை வழங்கி வந்ததை, உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையர்கள் 2012-ல் வெளிக்கொண்டு வந்தார்கள்.

கொள்முதலால் தொழிலே வளராது என்பதும் தவறு. கேரளத்தில் சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலால் 1925-ல் 14 பேர் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் அரசின் சாலை, பால வேலைகளைக் கொண்டே வளர்ந்தது. அதன் மேல் போட்டியின்றி வேலை தரப்படுகிறது என்ற குறை உண்டு. அந்தக் குறை நியாயமானதும்கூட. ஆனால் வேலை செய்பவர்களே அங்கே உரிமையாளர்கள். மிஞ்சிய பணத்தில் வாங்கிய இயந்திரங்கள் சங்கத்தின் சொத்து. கூலியோடு போனசும் மருத்துவ உதவியும் உண்டு. இத்தாலியின் 1991 ஆம் ஆண்டுச் சட்டம் சமூகக் கூட்டுறவுகளுக்கு நகராட்சிகள் நேரடியாக வேலை கொடுக்க வழி செய்தது. பதிலுக்கு, ஒருவகைக் கூட்டுறவுகளில் பணியாளரில் குறைந்தது 30 விழுக்காட்டினர் பின்தங்கியோராக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. இரண்டு இடத்திலும் வேலை செய்பவர் தொழிலாளர் என்ற தகுதியை இழக்கவில்லை. ஊராளுங்கலில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் சங்கத்திடம் ஏதோ மிஞ்சி நிற்கிறது.

நாங்குநேரிப் பள்ளிச் சமையற்கூடத்தில் மிஞ்சுவது எது என்று பார்த்தால் விடை எளிது. கூடம் பள்ளியுடையது. அடுப்பும் அண்டாவும் கரண்டியும் திட்டத்துடையவை. குழு தன் கணக்கில் வாங்கிய பாத்திரம் ஒன்றும் இல்லை. வாங்க அனுமதிக்கும் உபரியும் இல்லை. அந்த அண்டாக்களை மாலையில் எடுத்து ஒரு கல்யாண வீட்டுக்கோ தொழிற்கூடத்துக்கோ சமைத்துக் கொடுக்க வழி இல்லை. இரண்டாவது வாங்குபவர் என்று ஒருவர் கிடையாது. வேலை எண்ணிக்கையோடு சேர்த்து ஆண்டுக்கு எத்தனை நாள், நாளுக்கு எத்தனை ரூபாய், மூன்றாண்டு முடிவில் குழுவின் பெயரில் என்ன சொத்து என்ற மூன்று பத்திகளையும் துறை அறிக்கையில் அச்சிட்டால் போதும். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏப்ரலில் பள்ளியை விட்டு வெளியே வரும் தாய் எதை எடுத்துக்கொண்டு வருகிறார் என்பது அந்த மூன்றாவது பத்தியில் தெரியும்.