ஆற்றைக் காப்பதா, மீனைக் காப்பதா?

மகாவலி கடலில் கலப்பது மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவில். அதன் தலைநீர் ஊறும் மலைநாட்டில், நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும், 1880களில் தொடங்கி பிரித்தானியர் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள். சங்கம் வைத்து, அனுமதிச்சீட்டுக் கொடுத்து, அவற்றுக்குத் தூண்டில் போடுவதைத் துரைமாரின் பொழுதுபோக்காக வளர்த்தார்கள். ஆற்றின் மேல்முனையில் அன்று தொடங்கிய பழக்கம் இன்று வேறு உருவில் கீழ்முனைக்கும் வந்துவிட்டது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்களில், திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலிருந்து சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றி, பாரைக்கும் சீலாவுக்கும் தூண்டில் போடக் கூட்டிச் செல்வது ஒரு பிழைப்பாகியிருக்கிறது. அன்புவழிபுரம் போன்ற ஊர்களின் இளைஞருக்கும் இது நாளை ஒரு தொழிலாகலாம். ஆகவே பணம் கட்டி, வழிகாட்டியோடு, பருவம் பார்த்துத் தூண்டில் போடும் இந்த முறையின் நன்மை தீமைகளை இப்போதே எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. அந்த முறையின் ஒழுக்கம் நமக்கு வேண்டும். நீரை ஒருசிலருக்கு உரிமையாக்குவதும், அந்த நீரில் எந்த மீன் வாழவேண்டும் என்பதைப் பணம் கட்டுபவரிடம் விடுவதும் வேண்டாம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இந்த முறை முழுமையாக வளர்ந்த இடம் தனியார் ஊற்றோடைகள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், லிவிங்ஸ்டன் நகருக்கு அருகே பண்ணை நிலங்களுக்குள் ஓடும் ஆம்ஸ்ட்ராங், டிப்யூ, நெல்சன் ஓடைகள் உலகறிந்தவை. நிலத்தடி ஊற்று நீர் என்பதால் கோடையிலும் பனிக்காலத்திலும் அதன் வெப்பநிலை பெரிதாக மாறாது, நீர் தெளிந்திருக்கும், நீர்ப்பூச்சிகள் பெருகும். ஒரு நாளில் இத்தனை தூண்டில்களுக்கு மேல் இடமில்லை. பருவத்துக்கு ஏற்பக் கட்டணம் ஏறும், இறங்கும். எந்த வாரத்தில் எந்தப் பூச்சி நீர்மட்டத்துக்கு வந்து சிறகு விரிக்கும் என்பது வழிகாட்டிக்குத் தெரியும். அந்தப் பூச்சியின் அளவிலும் நிறத்திலும் இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சிதான் இரை. அதற்கு எடையே இல்லை எனலாம். கனமான தூண்டில் கயிற்றை வீசும் வேகம்தான் அதை மீனிடம் கொண்டுசேர்க்கிறது. ட்ரவுட் எதிர்நீரைப் பார்த்து நிற்கும் என்பதால் பின்னாலிருந்து நெருங்கவேண்டும். கயிறு நீரோட்டத்தில் இழுபட்டுப் போலிப் பூச்சி சற்றுப் பிசகி நகர்ந்தாலும் மீன் அதைத் தொடாது. பிடித்த மீனின் வழுவழுப்பான மேற்பூச்சு கழன்றுவிடாமல், கையை நனைத்துக்கொண்டே அதைத் தொடவேண்டும். எளிதில் கழற்றுவதற்காகக் கொக்கியில் எதிர்முள் இருக்காது. இவ்வளவு கவனம் கேட்கும் ஒரு பழக்கத்தைப் பணக்காரர் கேளிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது.

இதன் பெரிய பலம், உயிருள்ள மீனுக்கு ஒரு விலையை உண்டாக்குவது. தென்னிந்தியாவின் காவிரி இதற்குச் சான்று. 1972இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவுயிர்ச் சங்கம் கர்நாடகத்தில் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தது. அதே ஆற்றில் கலிபோரே, பீமேஸ்வரி முதலான இடங்களில் அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் தூண்டில் முகாம்களை நடத்தியது. மகசீர் என்னும் பெரிய ஆற்றுமீனைப் பிடித்து, நிறுத்து, மீண்டும் நீரில் விடுவது அங்கே விதி. முன்பு வெடி வைத்தும் திருட்டு வலை போட்டும் மீன் பிடித்தவர்களில் பலர் அங்கே வழிகாட்டிகளாகவும் காவலாளிகளாகவும் சம்பளம் பெற்றார்கள். செத்த மீனை ஒரு முறைதான் விற்கலாம், உயிரோடு விட்ட மீன் பல பருவங்களுக்குச் சோறு போடும் என்பதை அவர்கள் தம் வாழ்க்கையிலேயே கண்டார்கள். வெடிவைத்து மீன்பிடிப்பது சட்டத்துக்கு எதிரானது என்று தெரிந்தும் திருகோணமலைக் கடலில் அது ஓயவில்லை. காவலுக்கு ஆள் போதாத கடலில், மீன் உயிரோடு இருந்தால்தான் தனக்குப் பிழைப்பு என்று எண்ணும் படகோட்டி ஒருவரின் கண் பெரிய காவல்.

ஆனால் அதே காவிரி இந்த முறையின் ஆழமான குறையையும் காட்டிவிட்டது. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை, யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், என்ன எடை என்று பதிவேடு வைத்திருந்தார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மகசீர்கள் அதில் பதிவாகியுள்ளன. ஆய்வாளர்கள் அதைப் புரட்டியபோது, மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது, ஆனால் அந்த ஆற்றுக்கே உரிய திமில்முதுகு மகசீர் அருகிக்கொண்டிருந்தது. கூடியது, மகாராட்டிரத்தின் லோனாவ்லாப் பண்ணை வழியாகக் கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர். மகசீர் பெருகவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு விட்ட குஞ்சுகளே ஆற்றின் சொந்த மீனை ஓரங்கட்டின. 2018இல்தான் திமில்முதுகு மகசீருக்கு உரிய அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டில் அது அழியும் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. தூண்டில்காரர் தாம் விரும்பும் மீனைக் காப்பார். ஆற்றைக் காப்பது அதன் பக்கவிளைவு மட்டுமே. சில வேளைகளில் அந்தப் பக்கவிளைவும் கிடைப்பதில்லை.

ட்ரவுட்டின் கதையும் இதிலிருந்து வேறுபட்டதில்லை. நீலகிரியில் 1860களில் பிரான்சிஸ் டே முயன்று தோற்ற பிறகு, 1907ஐ ஒட்டி எச். சி. வில்சன் இலங்கை உட்படப் பல இடங்களிலிருந்து வானவில் ட்ரவுட்டை வரவழைத்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து அதை நிலைபெறச் செய்தார். மலை உச்சி ஓடைகளில் மீனே இல்லை, வெற்று நீரில் ஒரு மீனை விட்டதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பார்கள். மீன் இல்லாத நீர் உயிரில்லாத நீராகாது. ஹோட்டன் சமவெளி ஓடையில் மட்டுமே வாழும் சின்ன நன்னீர் இறால் ஒன்று உண்டு. தன்னைத் துரத்தித் தின்னும் மீன் இல்லாத நீரில் வாழ்ந்து பழகிய உயிர் அது. இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் வரிசையில் நிற்கிறது. அதற்குள்ள அச்சுறுத்தல்களில் ஒன்றாக ட்ரவுட் எண்ணப்படுகிறது. 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் உலக மரபுரிமைப் பரப்பில் சேர்ந்த ஒரு நிலத்தில், வந்தேறி மீனின் இன்பத்துக்காக இவ்விடத்து உயிரைப் பணயம் வைப்பதை எந்த அழகியலாலும் நியாயப்படுத்த முடியாது.

பிடித்து விடுவது கொடுமை, மீனை உணவுக்காகப் பிடிப்பதே நேர்மை என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை. வெப்பமான நீரில் நெடுநேரம் போராடவிட்டு, பிறகு படமெடுக்க வெளியே தூக்கிப் பிடித்திருந்த மீன், நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை. குளிர்நீர் மீனான ட்ரவுட்டுக்குக் கோடைச் சூட்டில் ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே பருவம் என்பது தூண்டில்காரரின் வசதியைப் பார்த்து வகுக்கப்படக் கூடாது. இனப்பெருக்க மாதங்களிலும் நீர் சூடேறும் நாட்களிலும் தூண்டிலை மடக்கிவைப்பதே உண்மையான பருவ ஒழுங்கு. 2012இல் காவிரிச் சரணாலயத்தில் தூண்டில் அடியோடு நிறுத்தப்பட்டபோது காவல்காரர் சம்பளமும் பதிவேடும் சேர்ந்தே நின்றுபோயின. முழுத் தடை தூய்மையான தீர்வு போலத் தெரியும். ஆனால் அங்கு நின்ற காவலுக்கு மாற்றுக் காவல் வைக்காத தடை ஆற்றுக்கு உதவாது.

எல்லோருக்கும் திறந்துவிட்ட நீர் அழியும், உரிமையாளர் உள்ள நீரே பிழைக்கும் என்பது தனியார் ஓடைக்காரரின் வலுவான வாதம். வரம்பு வேண்டும் என்பதை ஏற்கலாம். அந்த வரம்பைத் தனி உடைமைதான் தரும் என்பதை ஏற்க முடியாது. 1879இல் நீலகிரிக்கு வந்த வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்குக்காக மலைமக்களின் காட்டையும் ஓடையையும் அனுமதிச்சீட்டுக்குள் அடைத்தது. நம் கரையிலோ கரைவலைக்குப் பாடு என்னும் இழுப்பிடம் உண்டு. இந்தப் பாட்டில் இன்னாருக்கு உரிமை, வலைகள் முறைவைத்தே இறங்கும் என்ற ஒழுங்கை இங்குள்ள கடற்றொழிலாளர் நெடுங்காலமாக அறிவார்கள். வரம்பும் முறையும் தனியார் வேலி இல்லாமலே இயங்கும் என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேடவேண்டியதில்லை.

எனவே சுற்றுலாத் தூண்டில் திருகோணமலையில் வேரூன்றுவதற்கு முன்பே அதற்கு விதி எழுதவேண்டும். ஒரு நாளுக்கு எத்தனை படகு என்ற எல்லை, இனப்பெருக்க மாதங்களுக்கு ஓய்வு, பிடித்த ஒவ்வொரு மீனுக்கும் பதிவேடு, வெளிமீன் எதையும் எந்த நீரிலும் விடுவதில்லை என்ற உறுதி ஆகியவை அதில் இருக்கவேண்டும். வழிகாட்டி இந்தக் கரையின் கடற்றொழிலாளராகவும், கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களின் சங்கத்துக்குப் போவதாகவும் இருக்கவேண்டும். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டம் நம்மிடம் உண்டு. அதன்கீழ் இவற்றைக் கேட்டு வாங்குவது கடற்றொழிலாளர் சங்கங்களின் கடமை. சுற்றுலா விடுதிகள் தாமே விதி வகுத்துக்கொள்ளும் வரை சங்கங்கள் காத்திருக்கக் கூடாது.