திரும்பி வரும் ராக்கெட்

முதன்முறை பார்க்கப் போனபோது நான் ராக்கெட்டைப் பார்க்கவே இல்லை. கொலராடோவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் என்னைத் திறந்த மைதானம் ஒன்றுக்கு அழைத்துப் போனான். மூன்றடி உயரக் கம்பியை நட்டான். ஓர் அடி நீளக் காகிதக் குழல் ஒன்றை அதில் கோர்த்து நிறுத்தினான். பதினைந்து அடி தள்ளி வந்து, ஐந்திலிருந்து தலைகீழாக எண்ணி, பொத்தானை அமுக்கினான். நான் கம்பியின் அடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சீறல், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். கம்பி மட்டும் நின்றது.

"மாமா, கீழ என்ன பாக்குறீங்க? மேல பாருங்க!" என்று கத்தினான். அண்ணாந்தால் வெறும் நீலம். பிறகு எங்கோ உயரத்தில் 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம். ஆரஞ்சு நிறத்தில் பூ ஒன்று விரிந்தது.

பார்க்க வேண்டியது அந்தப் பூவைத்தான் என்று பிடிபட எனக்கு ஏழெட்டு ஏவல்கள் ஆயின. நெருப்பும் சீறலும் நாம் தீபாவளிக்கே பார்த்தவை. பாட்டிலில் நிறுத்திக் கொளுத்தும் ராக்கெட் போகும், வெடிக்கும், அதோடு சரி. மாடல் ராக்கெட் அப்படியல்ல. அதே ராக்கெட் மறுபடி கைக்கு வந்து சேர வேண்டும். அதன் அழகு முழுவதும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்துதான் பிறக்கிறது.

அந்த நிபந்தனையை விதித்தவர் ஒரு செருப்புக் கடைக்காரர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலுக்கு வாணவேடிக்கையில் பித்து. அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி விமானங்களில் பித்து. ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று ராபர்ட் பேசப் போகும் இடங்களில் காட்டுவதற்காக, 1954இல் ஆர்வில் ஒரு காகித ராக்கெட் செய்தார். மோட்டார் எனப்படும் மருந்தடைத்த சிறு குழாயை அதில் கழற்றி மாட்டலாம். உள்ளே ஒரு பாராசூட். பெயர் ராக்-அ-சூட். ராக்கெட்டையும் பாராசூட்டையும் ஒட்டவைத்த பெயர் அது.

அந்த ஆண்டுகளில் அமெரிக்கச் சிறுவர்கள் இரும்புக் குழாயில் கண்ட மருந்தையும் திணித்துக் கொளுத்தினார்கள். விரல் போனது, கண் போனது. நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் ஏவுகணைத் தளத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஹாரி ஸ்டைன் இந்த ஆபத்தைப் பற்றி எழுதியதைக் கார்லைல் படித்தார். தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். ஸ்டைன் அவற்றைப் பறக்கவிட்டுப் பார்த்தார், டென்வரில் நிறுவனம் தொடங்கினார். மருந்துக் குழாய்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கைகொடுத்தவர் வெர்ன் எஸ்டஸ். அவர் கட்டிய இயந்திரத்துக்கு 'மேபெல்' என்று பெயர். கைபடாமல் மருந்தை அளந்து இறுக்கி, ஒன்றுபோல் ஒன்றாக மோட்டார்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது. இந்தப் பொழுதுபோக்கு பிழைத்தது அந்த இயந்திரத்தால்தான் என்பேன். மருந்தைத் தொடும் வேலை அதோடு சிறுவர் கையைவிட்டுப் போனது. காகிதமும் மரமும் பசையும் மட்டுமே அவர்களிடம் மிஞ்சின.

இனி ராக்கெட்டைக் கையில் எடுப்போம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரும் செய்வது எஸ்டஸின் 'ஆல்ஃபா'. 31 சென்டிமீட்டர் உயரம், 25 மில்லிமீட்டர் பருமன், 23 கிராம் எடை. காகிதக் குழல் உடல், மூக்கில் ஒரு கூம்பு, வாலில் பால்சா மரத்தில் வெட்டிய மூன்று இறக்கைகள். செய்தவரின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமானால் முதலில் இறக்கையைப் பாருங்கள். மரத்தின் ரேகை இறக்கையின் முன்விளிம்போடு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் தரையில் பட்டதும் பிஸ்கட் போல ஒடியும். அடுத்து, இறக்கை உடலில் சேரும் மூலையில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே பசை சின்னக் குழிவாக, மழமழவென்று வழித்துவிடப்பட்டிருந்தால் அவர் பொறுமைசாலி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பூசி, காயவைத்து, மறுபடி தேய்த்திருக்கிறார்.

இறக்கை எதற்கு? தீபாவளி ராக்கெட்டின் குச்சி எதற்கோ அதற்குத்தான். குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்தினால் ராக்கெட் எங்கே ஓடும் என்று தெரு முழுக்கத் தெரியும். பட்டத்துக்கு வால் கட்டுவதும் ஏறக்குறைய இதே கணக்கு. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படைமேல் பாய்ந்த மைசூர் ராக்கெட்டுகளும் இரும்புக் குழாயில் நீண்ட மூங்கில் கட்டியவைதான். எடை சமன்படும் புள்ளி ஒன்று. காற்றின் தள்ளல் வந்து கூடும் புள்ளி இன்னொன்று. எடைப்புள்ளி முன்னாலும் காற்றுப்புள்ளி பின்னாலும் இருந்தால், மூக்கு சற்றே விலகினாலும் காற்றே வாலைத் தள்ளி நேராக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது உடலின் ஒரு பருமன் அளவாவது இடைவெளி வேண்டும். குச்சியும் இறக்கையும் காற்றுப்புள்ளியைப் பின்னுக்கு இழுக்கத்தான்.

இதைச் சோதிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. பார்க்கவே அழகானது. மோட்டார் பொருத்திய ராக்கெட்டை எடை சமன்படும் இடத்தில் நூலால் கட்டி, தலைக்கு மேல் கவண் சுற்றுவதுபோலச் சுற்ற வேண்டும். மூக்கு முன்னே பார்த்தபடி ஓடினால் பறக்கத் தயார். தள்ளாடினாலோ வாலை முன்னே நீட்டினாலோ மூக்கில் கொஞ்சம் களிமண் அடைக்க வேண்டும். நாசாவின் ஆய்வு ராக்கெட்டுகளில் வேலைசெய்த ஜேம்ஸ் பாரோமேன், 1966இல் இதே காற்றுப்புள்ளியைக் காகிதத்தில் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கும் வழியை மாடல் ராக்கெட்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போது 'ஓப்பன்ராக்கெட்' என்ற இலவச மென்பொருள் அந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறது. ஆனாலும் நூல் கட்டிச் சுற்றும் பையனைப் பார்த்தால் நான் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

மோட்டாரின் மேல் ஒரு குறி அச்சடித்திருக்கும். பி6-4 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து மொத்த பலம். ஏ என்றால் உச்சமாக 2.5 நியூட்டன்-விநாடி, பி என்றால் 5, சி என்றால் 10. எழுத்து ஒன்று ஏறினால் பலம் இரட்டிப்பு. நடுவில் உள்ள எண் சராசரி உந்துவிசை. எனக்குப் பிடித்தது கடைசி எண். மருந்து தீர்ந்தபின் எத்தனை விநாடி சும்மா போக வேண்டும் என்று சொல்வது அது.

மோட்டாரைக் கட்டியிருக்கும் விதத்தில் ஒரு நாடகமே இருக்கிறது. கட்டைவிரல் பருமன், 7 சென்டிமீட்டர் நீளம். அடியில் களிமண் துளை. அதற்குமேல் வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்து இறுக்கிய மருந்து. துளையருகே மருந்தில் ஒரு சிறு குழி விட்டிருப்பார்கள். பற்றியவுடன் அந்தக் குழி முழுவதும் எரிவதால் முதல் இழுப்பு மட்டும் பலமாக இருக்கும். கம்பியை விட்டு விலகும்போதே இறக்கைகள் வேலைசெய்யும் அளவுக்கு வேகம் வந்தாக வேண்டுமே! பிறகு எரிதல் நிதானப்படும். அது தீர்ந்ததும் மெதுவாகப் புகையும் ஓர் அடுக்கு. அதில் தள்ளல் கிடையாது. கடைசியில் ஒரு சிட்டிகை மருந்து. அது மட்டும் மேல்நோக்கி வெடித்து, மூக்கைக் கழற்றிப் பாராசூட்டை வெளியே தள்ளும்.

இப்போது மைதானத்துக்கு வருவோம். ஏவும் இடத்தில் பார்வையாளருக்கும் வேலை உண்டு. பொத்தான் பெட்டியின் பாதுகாப்புச் சாவி, ஏவும் நேரம் வரை ஏவுகிறவர் கையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அமுக்கியும் பற்றவில்லையா? சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்த பிறகே கிட்டே போக வேண்டும். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் அன்றைக்கு ஏவல் கிடையாது. இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் நிற்காதீர்கள், பிள்ளைகளையும் நிற்க விடாதீர்கள்.

ஏவுகிறவர் நிற்கும் தூரத்தைப்போல நான்கைந்து மடங்கு தள்ளிப் போய் நில்லுங்கள். கம்பியைப் பார்க்க வேண்டாம், அதற்கு மேலே உள்ள வானத்தைப் பாருங்கள். ஆல்ஃபாவில் ஏ மோட்டார் எரிவது ஒரு விநாடிகூட இல்லை. அதற்குள் இருபது மீட்டர் அளவுக்குத்தான் ஏறியிருக்கும். மிச்ச உயரமெல்லாம் மருந்து தீர்ந்த பிறகு, வாங்கிய வேகத்தை வைத்துக்கொண்டே ஏறுவது. அந்த மெல்லிய புகைக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போங்கள். அது காற்று வரும் திசைக்குச் சற்றே சாய்வதைப் பார்ப்பீர்கள். பழகிய கைகள் இதைத் தெரிந்துதான் கம்பியைச் சாய்த்து வைக்கும். ராக்கெட் காற்றை எதிர்த்துப் போய், பாராசூட்டில் காற்றோடு மிதந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கும். ஒருமுறை அக்கா மகனின் ராக்கெட் கம்பியிலிருந்து ஆறேழு அடி தள்ளி இறங்கியது. யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. அவன் இரண்டு எட்டு நடந்து எடுத்துக்கொண்டான்.

உச்சியில் ஒரு கணம் ராக்கெட் நிற்கும். மூக்கு மெல்லக் கவிழத் தொடங்கும். சரியாக அப்போது 'டப்' என்றால் அந்த விநாடிக் கணக்கைத் தேர்ந்தெடுத்தவரைப் பாராட்டுங்கள். மிகவும் முந்தினால், ஏறும் வேகத்தில் பாராசூட் வெட்டி இழுத்து அதன் கயிறு காகித உடலைக் கிழித்துவிடும். பிந்தினால் தலைகீழாகப் பாயும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

உயரம் தெரிய வேண்டுமா? பள்ளிக்கூடக் கோணமானியில் நூலும் ஒரு நட்டும் கட்டிக்கொண்டு கம்பியிலிருந்து 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். உச்சியைக் குறிபார்க்கும்போது 35 டிகிரி காட்டினால் 70 மீட்டர். 45 காட்டினால் 100.

உயரப் பறப்பது மட்டுமே திறமையில்லை. அமெரிக்காவில் 2003 முதல் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் போட்டியில் ராக்கெட்டுக்குள் பச்சை முட்டை வைத்து அனுப்ப வேண்டும். இத்தனை அடி உயரம், இத்தனை விநாடி பறப்பு என்று இலக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கும். இலக்குக்கு மிக அருகில் வந்தவர்களே ஜெயிப்பார்கள், முட்டையில் கீறல் விழாமல் இருந்தால். இதைவிட நல்ல போட்டி ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

நம் ஊரில் இந்த மோட்டார்களைக் கடையில் கேட்டு வாங்கிவிட முடியாது. வெடிமருந்தைத் தயாரிப்பதும் வைத்திருப்பதும் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வருபவை. பட்டாசைப் பிரித்து மருந்தெடுப்பதோ வீட்டில் மருந்து அரைப்பதோ கூடவே கூடாது. ஸ்டைன் பயந்தது இதைத்தான்.

தண்ணீர் ராக்கெட்டில் தொடங்குங்கள். குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாயை ரப்பர் தக்கையால் அடைத்து, பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை அதில் செருகி, நீளமான குழாய் வைத்துத் தள்ளி நின்று சைக்கிள் பம்பால் அடியுங்கள். கீறல் விழுந்த பாட்டில் வேண்டாம். காற்றேறிய பாட்டிலை யாரும் எட்டிப் பார்க்கவும் கூடாது. முதலில் தண்ணீரே இல்லாமல் அடித்துப் பாருங்கள், பிறகு தண்ணீரோடு. தண்ணீரைக் கீழே தள்ளித்தான் அது மேலே போகிறது என்பதைப் பிள்ளைகள் நனைந்துகொண்டே கற்றுக்கொள்வார்கள். அட்டையில் மூன்று இறக்கை வெட்டி ஒட்டுங்கள், மூக்கில் களிமண் வையுங்கள், நூல் கட்டிச் சுற்றிப் பாருங்கள்.

நேராகப் போகத் தொடங்கிய பிறகு பாராசூட்டுக்கு வாருங்கள். கடைப் பையை வட்டமாக வெட்டி, எட்டு நூல் கட்டி, டால்கம் பவுடர் தூவி மடித்து, கூம்புக்குள் வைத்து, கூம்பை ஒட்டாமல் தளர்வாகக் கவிழ்த்துவிடுங்கள். மேலே போய் வேகம் குறையும்போது கூம்பு தானாகக் கழல வேண்டும். முதல் நாள் கழலாது. இரண்டாவது நாள் புறப்படும்போதே கழன்றுவிடும். அதற்கடுத்த நாள் எல்லாரும் அண்ணாந்து நின்றுகொண்டிருக்கும்போது, எங்கோ மேலே, பலசரக்குக் கடையின் பெயர் அச்சடித்த அந்தப் பை விரியும்.