மூன்று கிளப்புக்குப் பாஸ் சொல்லலாமா?

அகோல் முறையில் பிரிட்ஜ் ஆடுபவர்களைத் திணறடிக்கும் கை ஒன்று. ஸ்பேடில் ஏஸ், ராஜா, 10, 8, 4. ஹார்ட்டில் ஏஸ், 6. டைமண்டில் 7, 3. கிளப்பில் ராஜா, ராணி, ஜாக்கி, 5. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் 17 புள்ளி. நீங்கள் 1 ஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்க, எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளி 2 கிளப் கேட்கிறார். அவரிடம் 10 புள்ளிக்குக் குறையாது. இரண்டு கையும் சேர்ந்தால் 27. கேம் கைக்குள் இருக்கிறது, ஸ்லாம்கூட எட்டிவிடலாம். கிளப்பில் இருவருக்கும் நல்ல பொருத்தம் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நல்ல சேதியைக் கூட்டாளியிடம் சொல்ல அகோலில் நேரான வழி இல்லை என்பதுதான் சிக்கல்.

1930களில் லண்டனின் அகோல் சாலையில் இருந்த சிறிய பிரிட்ஜ் கிளப்பில் ஜாக் மார்க்ஸ், எஸ்.ஜே. சைமன் முதலானோர் உருவாக்கிய முறை இது. 1938-இல் பென் கோஹனும் டெரன்ஸ் ரீஸும் அதைப் புத்தகமாக்கினார்கள். அதன் உயிர்நாடி வரம்பு ஏலம். கூட்டாளியின் நிறத்தை ஆதரித்தால் கையின் வலுவை அந்த ஒரே ஏலத்தில் சொல்லி முடித்துவிட வேண்டும். மேலே போவதா, அங்கேயே நிற்பதா என்பது எதிரே இருப்பவர் முடிவு. அதன்படி 1 ஸ்பேட், 2 கிளப், 3 கிளப் என்று போனால் கடைசி ஏலத்துக்குப் பொருள், “கிளப் பொருந்துகிறது, கை சாதாரணம்” என்பதே. கூட்டாளி தாராளமாகப் பாஸ் சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இருந்தது. அன்று ஆடியது ரப்பர் பிரிட்ஜ். 3 கிளப்பில் ஒன்பது பிடி எடுத்தால் கோட்டுக்குக் கீழே 60 புள்ளி விழும். அடுத்த ஆட்டத்தில் இன்னும் 40 எடுத்தால் கேம். அந்த 60-ஐ யாரும் துச்சமாக எண்ணவில்லை. இன்று போட்டிகளில் ஆடும் டூப்ளிகேட்டில் ஒவ்வொரு ஆட்டமும் தனித்தனி. 3 கிளப் எடுத்தால் 110, அதோடு கணக்கு முடிந்தது. வரம்பு ஏலத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எதிரிகளுக்குத் தகவல் அதிகம் கசியாமல் இரண்டே ஏலத்தில் சரியான இடத்தில் நிற்க வைப்பதில் அகோலுக்கு இணையான முறைகள் குறைவு. ஆனால் 3 கிளப்பைச் சாதாரணக் கைக்கு ஒதுக்கிவிட்டதால், வலுவான கை போக்கிடமில்லாமல் நிற்கிறது.

பழைய விடை 4 கிளப்புக்குத் தாவுவது. வலுவும் பொருத்தமும் அதில் தெளிவாகவே தெரியும். ஆனால் 3 டைமண்ட், 3 ஹார்ட், 3 ஸ்பேட், 3 நோ டிரம்ப் என்ற நான்கு படிகள் ஒரே தாவலில் போய்விடுகின்றன. கடைசிப் படியை இழப்பதுதான் பெரிய நஷ்டம். கிளப்பில் கேம் வேண்டுமானால் 11 பிடி. நோ டிரம்ப்பில் 9 போதும். 4 கிளப் கேட்பவர், அந்த ஒன்பது பிடிக் கேமைக் கூட்டாளியைக் கேட்காமலே கைவிடுகிறார்.

கூட்டாளிக்கு இரண்டு விதமான கைகளைக் கொடுத்துப் பார்ப்போம். முதல் கை: ஸ்பேடில் 9, 6, ஹார்ட்டில் ராஜா, 8, 4, டைமண்டில் ஏஸ், 9, 2, கிளப்பில் ஏஸ், 10, 8, 7, 3. வெறும் 11 புள்ளி. ஆனாலும் 6 கிளப் அருமையான ஒப்பந்தம். துருப்பைப் பிடுங்கிவிட்டு, ஸ்பேடைத் துருப்பால் வெட்டி நிலைநிறுத்தினால், சீட்டுகள் வழக்கம்போலப் பிரிந்திருக்கும்வரை டைமண்டில் ஒரு பிடிக்கு மேல் போகாது. இரண்டாவது கை: ஸ்பேடில் 9, 3, ஹார்ட்டில் ராஜா, ராணி, 5, டைமண்டில் ராஜா, ராணி, 4, கிளப்பில் 10, 9, 8, 6, 3. இது 10 புள்ளி, ஏஸ் ஒன்றுகூட இல்லை. இதில் ஸ்லாம் ஏறினால் இரண்டு ஏஸ் போய் ஒப்பந்தம் கவிழும். 5 கிளப்பில் 11 பிடி எடுத்தால் 400. 3 நோ டிரம்ப்பில் பெரும்பாலும் பத்துப் பிடி கிடைக்கும், அது 430. மேட்ச்பாயிண்ட் போட்டியில் அந்த 30 புள்ளியே மேசையின் முடிவைத் தீர்மானித்துவிடும்.

இரண்டு கைக்கும் புள்ளி வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஏஸ் எங்கே, எந்த நிறத்துக்குத் தடுப்பு உண்டு என்று பேசிப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். அந்தப் பேச்சுக்கு மூன்றாம் படியில் இடம் வேண்டும்.

இடத்தைக் காப்பாற்ற அனுபவசாலிகள் பொய்ச்சொல் ஒன்றைக் கையாளுகிறார்கள்: இல்லாத நிறத்தைக் கேட்பது. இதன் பலன் எந்த நிறத்தில் தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது. 1 ஹார்ட்டில் தொடங்கி, 2 கிளப் பதில் வந்தபின் 2 ஸ்பேட் கேட்டால், அது வலுவைக் காட்டும் ஏலம். கூட்டாளி பாஸ் சொல்ல முடியாது. ஸ்பேடில் ஏஸ், ராஜா, 6 என்று மூன்றே சீட்டு வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். கூட்டாளி 1 ஸ்பேடைத் தாண்டி 2 கிளப்புக்குப் போனவர். நான்கு ஸ்பேட் வைத்திருக்க வேண்டுமானால் கிளப் அதைவிட நீளமாகவும் கை வலுவாகவும் இருக்க வேண்டும், அது அபூர்வம். பொய் சிறியது, ஏலமும் இரண்டாம் படியிலேயே நிற்கிறது. இதை நான் மனதார ஏற்கிறேன்.

1 ஸ்பேடில் தொடங்கினால் இந்த வசதி கிடையாது. 3 ஹார்ட்டுக்கோ 3 டைமண்டுக்கோ தாவ வேண்டும். கையில் இருப்பதோ ஹார்ட்டில் ஏஸ், 6. டைமண்டில் 7, 3. ஐந்து கிளப்பும் நான்கு ஹார்ட்டும் வைத்திருக்கும் கூட்டாளி 3 ஹார்ட்டைக் கேட்டதும் சந்தோஷமாக 4 ஹார்ட் ஏறுவார். அதைத் திருத்த 5 கிளப்புக்குப் போக வேண்டும், 3 நோ டிரம்ப் கைநழுவிவிடும். 3 டைமண்ட் கேட்டாலோ, உங்கள் கையில் இல்லாத டைமண்ட் தடுப்பை நம்பி அவர் முடிவெடுப்பார். இது தேவையற்ற ஆபத்து.

ஒற்றைச் சீட்டு நிறம் இருந்தால் அதை நான்காம் படியில் தாவிக் கேட்கும் ஸ்பிளிண்டர் உண்டு. ஸ்லாமுக்கு அது நல்ல கருவி. ஆனால் நம் கையில் ஒற்றை நிறமே இல்லை. தற்கால ஜோடிகள் பலர் 2 நோ டிரம்ப்பை 15 முதல் 19 வரை, கேம் வரை நிற்காத ஏலமாக வைத்துக்கொள்கிறார்கள். அது இடத்தைக் காக்கிறது. ஆனால் டைமண்டில் 7, 3 வைத்திருப்பவர் நோ டிரம்ப்பை முதலில் கேட்டுவிட்டால் ஆடுபவரும் அவரே. எதிரே இருக்கும் ராஜா, ராணி, 4 மேசையில் விரிந்துவிடும். தடுப்பு வைத்திருப்பவர் கையிலிருந்து ஆட வேண்டிய ஒப்பந்தம் தவறான பக்கம் போகிறது.

இதனால்தான் 3 கிளப்பையே பாஸ் சொல்லக் கூடாத ஏலமாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறேன். முதல் கை வைத்திருப்பவர் 3 டைமண்ட் சொல்லி அங்கே தடுப்பு இருப்பதைக் காட்டுவார். நீங்கள் 3 ஹார்ட் சொல்வீர்கள். அவர் 4 கிளப்புக்கு நகர்ந்தால் ஸ்லாம் வாசல் திறக்கும். இரண்டாவது கை நேரே 3 நோ டிரம்ப் சொல்லும், அதோடு நிற்கலாம். இதற்கு அகோலின் அடிப்படையிலேயே ஆதாரம் இருக்கிறது. 12 முதல் 14 வரையிலான சமநிலைக் கைகளைப் பெரும்பாலும் அகோல் 1 நோ டிரம்ப்பில் தொடங்கிவிடுகிறது. ஆகவே 1 ஸ்பேடில் தொடங்கிக் கிளப்பையும் ஆதரிக்கும் கை, வடிவத்தாலோ வலுவாலோ ஏற்கெனவே சற்று மேம்பட்டதாகத்தான் இருக்கும்.

விலை உண்டு. உங்களிடம் 12, அவரிடம் 10 என்ற நாளில் 3 கிளப்பில் நிற்க முடியாமல் 4 கிளப்புக்குத் தள்ளப்பட்டு, சில சமயம் ஒரு பிடி குறைந்து 50 போகும். ரப்பர் ஆடுபவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் மேசையில் அது சரியும்கூட. டூப்ளிகேட்டில் அந்த 110-ஐ 2 நோ டிரம்ப் எடுத்தவர் 120-ஆல் முந்திவிடுகிறார். தவறவிட்ட ஸ்லாமோ 920-க்கும் 430-க்கும் உள்ள வித்தியாசம்.